லண்டன் ஸ்டேடியத்தில் அயர்ன் மெய்டன்: திறந்தவெளியில் பார்த்தவர்கள் இங்கே வாருங்கள்

ஹைஸ்ட்ரீட்_நார்த் எழுதியது:

2025 ஜூன் 28 சனிக்கிழமை கச்சேரிக்குப் போனவர்கள் யாராவது இந்தப் பக்கம் இருக்கிறீர்களா? எனக்கு இன்னும் தொண்டை சரிவரவில்லை.

அயர்ன் மெய்டன், பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் 1975 கடைசியில் கிழக்கு லண்டனின் லேட்டனில் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு. ஐம்பதாவது ஆண்டை முன்னிட்டுத்தான் இந்தச் சுற்றுப்பயணம். லண்டன் ஸ்டேடியம் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் மைதானம், ஹாரிஸ் சிறு வயதிலிருந்தே வெஸ்ட் ஹாம் பைத்தியம். ஆகவே அன்று அந்த மனிதர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நான் இருப்பது ஈஸ்ட் ஹாமில். நம் சனம் முருங்கைக்காயும் மீனும் வாங்கப் போகிற அதே ஹை ஸ்ட்ரீட் நார்த்தில், மேனர் பார்க் பக்கமாக, ரஸ்கின் ஆர்ம்ஸ் என்று ஒரு பப் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் இவர்கள் அங்கேதான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருப்பார்கள், ஒருவருக்கும் தெரியாது. இப்போது அது பப் இல்லை. தொடக்கத்தில் இவர்கள் வாசித்த இன்னொரு இடமான ஸ்ட்ராட்ஃபோர்டின் கார்ட் அண்ட் ஹார்சஸ் மட்டும் இன்னும் பப்பாகவே இருக்கிறது. சனிக்கிழமை மதியம் அந்தப் பக்கம் போனேன், உள்ளே கால் வைக்க இடமில்லை.

முதலில் தி ரேவன் ஏஜ், ஹாரிஸின் மகன் கிட்டார் வாசிக்கிற குழு. பிறகு ஹேல்ஸ்டார்ம். அதற்குப் பிறகு இவர்கள். தொடக்கமே முதல் இரண்டு ஆல்பங்களிலிருந்து வரிசையாக நான்கு பாட்டுகள். நான்கும் குழுவின் பழைய பாடகர் பால் டியானோ பாடிப் பதிவானவை. அவர் 2024 அக்டோபரில்தான் காலமானார். மேடையில் பெரிதாக எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை, கேட்டவர்களுக்குப் புரிந்தது. நடுவில் பதின்மூன்று நிமிட 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரைனர்' வேறு. இப்போதைய பாடகர் புரூஸ் டிக்கின்சனுக்கு அன்று 66 வயது. 2015இல் நாக்கின் அடியில் புற்றுநோய் வந்து சிகிச்சை எடுத்தவர். சுருதியை ஒரு படிகூட இறக்காமல் பாடுகிறார்.

குறை ஒன்றுதான். லண்டனில் ஜூன் கடைசியில் ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் மறையும். முதல் ஒரு மணிநேரம் பட்டப்பகலில் நடந்தது. விளக்கு அலங்காரம் எல்லாம் வீண்.

வேறு ஊர்களில், வேறு மைதானங்களில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.


அடையார்_பேஸ் எழுதியது:

அண்ணே, ஹாரிஸின் மகன் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் 2007 மார்ச் 17 அன்று பார்த்தபோது முன்னால் வாசித்தது அவருடைய மகள் லாரன் ஹாரிஸ். குடும்பத் தொழில்தான் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு சென்ட்ரலில் பெங்களூர் மெயில் ஏறியபோது எங்கள் பெட்டியில் பாதிப் பேர் கறுப்பு டிஷர்ட். டிடிஆர் ஏதோ துக்க வீட்டுக்குப் போகிற கூட்டம் என்றுதான் நினைத்திருப்பார். அந்தக் காலத்தில் சென்னையில் மெட்டல் கேட்கிறவன் என்றால் ஐஐடியின் சாரங் ராக் ஷோ, அடையாறு அன்வைண்ட் சென்டர், இவ்வளவுதான் உலகம். கேசட்டில் தேய்ந்துபோன குரலை நேரில் கேட்கப் போகிறோம் என்பதே நம்பும்படி இல்லை.

மார்ச் மாத வெயில், கடும் புழுதி. முதலில் டெல்லியிலிருந்து வந்த பரிக்கிரமா, வயலினோடு வாசித்தார்கள். அவர்கள் வாசித்தது பிடித்துப்போய் அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தில் டவுன்லோட் என்ற ராக் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். கூட்டம் 30,000க்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. உள்ளே நின்றவனுக்கு எண்ணத் தோன்றவில்லை. 'ஃபியர் ஆஃப் தி டார்க்' தொடங்கியதும் கிட்டார் வரியை அத்தனை பேரும் வாயால் பாடினார்கள். பாட்டைப் பாடுவது வேறு, கிட்டாரைப் பாடுவது வேறு. புரூஸ் மைக்கைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் ரேடியோவில் கிரிக்கெட். அன்றிரவுதான் உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் இந்தியா தோற்றது. ஆட்டோக்காரர் அழாத குறை. பின்னால் உட்கார்ந்திருந்த நாங்கள் பாடிக்கொண்டே வந்தோம், மனுஷன் என்ன நினைத்தாரோ.

2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் அடுத்த சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார்கள், புரூஸே போயிங் 757 விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்த பயணம் அது. 2009 பிப்ரவரியில் மறுபடி பேலஸ் கிரவுண்ட்ஸ். அதற்குப் பிறகு நம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.


வினைல்பிரியன் எழுதியது:

எல்லாரும் உருகுகிற இடத்தில் நான் மட்டும் குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும்.

எனக்கும் மெய்டன் உயிர். ஆனால் திறந்தவெளியில் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காற்று ஒரு பக்கம் அடித்தால் கிட்டார் ஒரு பக்கம் போகும். பின்னால் நிற்பவனுக்கு மேடையில் எறும்பு, பக்கத்தில் திரை. திரையில் பார்ப்பதற்கு வீட்டிலேயே பார்க்கலாம். இவர்களுடைய மிகச் சிறந்த நேரடி ஆல்பம் 1985இல் வந்தது. அதில் பெரும்பகுதி லாங் பீச் அரீனாவில், கூரைக்கு அடியில் பதிவானது. காரணம் இல்லாமலா?

அடுத்தது, இப்போது நிக்கோ மெக்பிரெய்ன் இல்லை. 2024 டிசம்பரில் பிரேசிலின் சாவ் பாவ்லோ கச்சேரியோடு மேடைக்கு விடை கொடுத்துவிட்டார். 1983 ஆல்பத்திலிருந்து நாம் கேட்டுவந்த டிரம்ஸ் அவருடையது. அது இல்லாமல் என்ன மெய்டன்?

மூன்றாவதாக, பாட்டு வரிசை. முழுக்க 1992 வரைக்கும் வந்த ஆல்பங்கள். 2000இலிருந்து ஆறு ஆல்பம் போட்டிருக்கிறார்களே, அவை எங்கே? 2006இல் புது ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை மேடையில் வாசித்தார்கள். கூட்டம் முணுமுணுத்தது, இவர்கள் கண்டுகொள்ளவில்லை. அந்தத் திமிர்தான் எனக்குப் பிடித்தது. இப்போது நடப்பது பழைய ஆல்பத்தைப் புரட்டுவது. கல்யாண வீட்டுப் போட்டோ ஆல்பத்தைச் சொல்கிறேன்.


மிக்ஸர்மணி எழுதியது:

சத்தம் பற்றி மட்டும் சொல்கிறேன், அது என் பிழைப்பு. கோவைப் பக்கம் மேடைக்கு ஒலி அமைக்கிறவன்.

திறந்தவெளியில் காற்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகும் என்பது உண்மை. காற்றடித்தால் உயர்ந்த ஒலிகள்தான் முதலில் அலைபாயும், தாழ்ந்த ஒலிகள் அவ்வளவாக அசையாது. அதனால்தான் காற்று அடிக்கும்போது சிம்பலும் குரலும் வந்து வந்து போகும், பேஸ் மட்டும் நிலையாக இருக்கும். வெயில் நேரத்தில் தரைச் சூட்டால் ஒலி மேல்நோக்கி வளையும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் அது கீழ்நோக்கி வளைந்து வரும். அதே மைதானம், அதே ஒலிபெருக்கி, மாலை ஆறுக்கும் இரவு ஒன்பதுக்கும் கேட்பதில் அவ்வளவு வித்தியாசம். கோயில் கொடையில் ரேடியோ செட் சத்தம் ராத்திரியில் பக்கத்து ஊருக்குக் கேட்பது ஊரடங்கிப் போவதால் மட்டும் இல்லை.

ஆனால் வினைல்பிரியன் சார் ஒன்றை விட்டுவிட்டார். கூரை போட்ட அரங்கில் எதிரொலி இருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் வேகமான பாட்டைக் கூழாக்கிவிடும். மெய்டன் மாதிரி பேஸ் கிட்டார் குதிரைப் பாய்ச்சலில் ஓடுகிற குழுவுக்கு அது பெரிய பாதகம். சுவரே இல்லாத பேலஸ் கிரவுண்ட்ஸ் மாதிரி இடத்தில் ஒவ்வொரு தட்டும் தனியாகக் கேட்கும். ஸ்டேடியம் இரண்டும் கெட்டான். மேலே திறந்திருக்கும், எதிரே இருக்கை வரிசை சத்தத்தைத் திருப்பி அனுப்பும்.

ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் டிரம்மர் அடித்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்துத்தான் சத்தம் வரும். தூரம் போகப் போகச் சத்தமும் குறையும், அதற்காகத்தான் மைதானத்தின் நடுவில் கோபுரம் கட்டி ஒலிபெருக்கி தொங்கவிடுவது. அதில் வரும் சத்தத்தை வேண்டுமென்றே தாமதப்படுத்தி அனுப்புவோம், மேடையிலிருந்து வருவதோடு ஒட்டிக்கொள்ளும். திரையில் கையும் சத்தமும் ஒத்துப்போகவில்லை என்று திட்டாதீர்கள், இயற்பியலைத் திட்டுங்கள்.

எங்கே நிற்பது என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: மிக்ஸிங் டெஸ்க்குக்குப் பக்கத்தில். ஒலி அமைப்பவன் எந்த இடத்தில் நின்று கேட்டு அமைக்கிறானோ அந்த இடத்தில் நில்லுங்கள். முன்வரிசையில் வேர்வை கிடைக்கும், சத்தம் கிடைக்காது.


அடையார்_பேஸ் எழுதியது:

மணி அண்ணா, அருமை. இன்னொன்றும் உண்டு. 2001 ஜனவரியில் ரியோவில் பதிவு செய்த நேரடி ஆல்பம் முழுக்கத் திறந்தவெளி. அதில் கூட்டம் பாடுவதைக் கேளுங்கள். லாங் பீச்சில் கூட்டம் கத்துகிறது, ரியோவில் பாடுகிறது. நான் ரியோ கட்சி.


ஹைஸ்ட்ரீட்_நார்த் எழுதியது:

டிரம்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நிக்கோவுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. அதிலிருந்து எழுந்து வந்து இரண்டு ஆண்டு வாசித்தார், அதுவே பெரிய காரியம். எழுபது தாண்டிய மனிதர் இனிப் போதும் என்று சொன்னால் கும்பிட்டு அனுப்பவேண்டும்.

சைமன் டாசன் புதியவர் இல்லை, ஹாரிஸின் இன்னொரு குழுவான பிரிட்டிஷ் லயனில் வாசித்தவர். அன்று தொடக்கத்தில் வந்த அந்த நான்கு பாட்டுகளை ஆல்பத்தில் வாசித்தது நிக்கோவா? கிளைவ் பர். முதல் மூன்று ஆல்பமும் அவர் கை. 2013இல் அவரும் போய்விட்டார். எனவே "நிக்கோ இல்லாமல் மெய்டனா" என்றால், 1983இல் "கிளைவ் இல்லாமல் மெய்டனா" என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். எல்லா ஸ்டூடியோ ஆல்பத்திலும் இருப்பவர்கள் ஹாரிஸும் டேவ் மரேயும் மட்டும்தான்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால் வித்தியாசம் தெரிகிறது. நிக்கோவின் வலது காலில் ஒரு துள்ளல் உண்டு, அது இல்லை. டாசன் நேராக, கனமாக அடிக்கிறார். பழைய பாட்டுகளுக்குப் பொருந்துகிறது, 'செவன்த் சன்' மாதிரிப் பாட்டுகளில் கொஞ்சம் குறைந்த மாதிரிப் பட்டது.

பாட்டு வரிசையில் நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஐம்பதாண்டு என்று பெயர் வைத்துவிட்டுக் கடைசி முப்பது ஆண்டைக் கழித்தது எனக்கும் உறுத்தியது.


மேகலா_கே எழுதியது:

நான் ஐந்தடி. இந்த மாதிரி இழைகளில் எல்லாரும் டிரம்மரைப் பற்றியே பேசுகிறீர்கள், கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1988 ஆகஸ்ட் 20, இங்கிலாந்தின் டோனிங்டனில் 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' விழா. மெய்டன்தான் அன்று கடைசியாக வரவேண்டிய பெரிய குழு. ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம், மழையில் சேறு, சரிவான தரை. முன்னால் கன்ஸ் அண்ட் ரோசஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது நெரிசலில் இரண்டு ரசிகர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு விழாவே நடக்கவில்லை. 1990இல் மறுபடி தொடங்கியபோது கூட்டத்துக்கு வரம்பு வைத்தார்கள். இன்று எந்த மைதானத்திலும் முன்பகுதியைத் தடுப்புப் போட்டுத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்களே, "முன்னால் போக விடமாட்டேன் என்கிறான்" என்று நாம் சலித்துக்கொள்கிறோமே, அந்தத் தடுப்புக்குப் பின்னால் இப்படிப்பட்ட நாட்கள் இருக்கின்றன.

2011இல் குர்கானில் மெட்டாலிகா கச்சேரி நடக்காமல் போனதும் தடுப்பில்தான். முன்தடுப்பு உடைந்தது, நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தார்கள், கோபத்தில் கூட்டம் மேடையை நாசம் செய்தது. இரண்டு நாள் கழித்து பெங்களூரில் ஒழுங்காக நடந்தது.

நான் பார்த்துப் பழகியது இது. ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் நம் கால் நம் பேச்சைக் கேட்காது, கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். அலை தொடங்குகிறது என்று தெரிந்தாலே கிளம்பிவிட வேண்டும். நேராகப் பின்னால் தள்ளிக்கொண்டு போகக்கூடாது. அலை ஒருமுறை அடித்து ஓயும் இடைவெளியில் குறுக்காக, பக்கவாட்டில் நகர வேண்டும். கையை மார்புக்கு முன்னால் குத்துச்சண்டைக்காரர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், மூச்சுக்கு இடம் இருக்கும். பை தோளில் தொங்கக்கூடாது. குள்ளமானவர்கள் முன்னால் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான் போவேன். ஆனால் ஓரமாக, தடுப்புக் கம்பிக்கு அருகில், வெளியே போகிற வழி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்.

அப்புறம் ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவேண்டும். மெட்டல் கூட்டத்தில் யாராவது கீழே விழுந்தால் சுற்றி இருக்கிற நாலு பேரும் உடனே தூக்கி நிறுத்துவார்கள். சினிமாப் பாட்டுக் கச்சேரிகளில் இந்த ஒழுங்கை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை.


குட்டி_எடி எழுதியது:

மேகலா அக்கா, சேமித்து வைத்துக்கொண்டேன்.

நான் இதுவரை எந்தக் குழுவையும் திறந்தவெளியில் பார்த்தது இல்லை. படிக்க இங்கிலாந்து வந்திருக்கிறேன். போனில் கொஞ்சமாவது எடுக்காமல் எப்படி இருப்பது? ஊரில் தம்பிக்குக் காட்டவேண்டும். ஆனால் மேனேஜர் ராட் ஸ்மால்வுட் போனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார் அல்லவா, மக்கள் கேட்டார்களா?


ஹைஸ்ட்ரீட்_நார்த் எழுதியது:

தம்பி, பாதிப் பேர் கேட்டார்கள். முதல் பாட்டில் போன் கடல், மூன்றாவது பாட்டுக்குள் பெரும்பாலும் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. என் முன்னால் நின்ற ஒருவர் மட்டும் வெகுநேரம் இறக்கவில்லை. அவர் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் தோளில் தட்டி ஏதோ சொன்னார், அதற்குப் பிறகு இறங்கியது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

ஒரு பாட்டு எடுங்கள், அதோடு வையுங்கள்.


வினைல்பிரியன் எழுதியது:

போன் இருக்கட்டும், அந்தப் பெரிய எல்இடி திரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. முன்பெல்லாம் பாட்டுக்குப் பாட்டு பின்னால் துணியில் வரைந்த ஓவியம் மாறும். டெரிக் ரிக்ஸ் வரைந்த எடி, குழுவின் சின்னமான அந்தப் பேய் உருவம், அப்படியே ஆளுயரத்துக்கு மேல் தொங்கும். மெய்டன் மேடை என்றால் எனக்கு அதுதான். இப்போது வீடியோ கேம் மாதிரி ஓடுகிறது.


அடையார்_பேஸ் எழுதியது:

இதில் நான் உங்கள் பக்கம் சார். துணி காற்றில் லேசாக அசையும்போது எடி மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும். திறந்தவெளியில் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். நீங்கள் வெறுக்கிற அதே திறந்தவெளி.


மிக்ஸர்மணி எழுதியது:

பகல் வெளிச்சத்தில் துணி ஓவியமும் நன்றாகத்தான் தெரியும், விளக்கே தேவையில்லை. எல்இடி திரைக்கு வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டும், அப்படியும் வெளிறிப்போகும். கோடைக்கால ஐரோப்பாவில் துணியே புத்திசாலித்தனம் என்பேன். ஆனால் ஊர் ஊராகப் போகும்போது திரை சுலபம், காற்றுக்கும் பயப்படவேண்டாம். துணி என்றால் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்து மேடைச் சட்டத்தையே இழுக்கும்.

குட்டி எடிக்கு ஒரு வார்த்தை. காதுக்கு அடைப்பான் வாங்கு. 85 டெசிபெலில் எட்டு மணிநேரம் இருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு, ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் கால்மணி நேரம்தான். இந்தக் கச்சேரிகள் இரண்டு மணிநேரம் அதற்குக் குறையாமல் ஓடும். பஞ்சு அடைப்பான் உயர்ந்த ஒலியை அதிகமாகத் தின்றுவிடும், குரல் மங்கிப்போகும். இசைக் கலைஞர்களுக்கென்று விற்கிறதே, எல்லா ஒலியையும் சமமாகக் குறைக்கும், அதை வாங்கு. காதில் மணியடிக்கிற சத்தம் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டால் மருந்து கிடையாது. என் இடது காதைக் கேட்டால் சொல்லும்.


குட்டி_எடி எழுதியது:

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். 2026 ஜூலையில் நெப்வொர்த் பூங்காவில் மெய்டன் என்று அறிவித்துவிட்டார்கள்! டிக்கெட் கிடைத்துவிட்டது. என்னென்ன எடுத்துக்கொண்டு போவது, எப்படிப் போவது, யாராவது சொல்லுங்கள்.


ஹைஸ்ட்ரீட்_நார்த் எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. நெப்வொர்த் என்றால் லெட் செப்பெலின் 1979, குயீன் 1986, ஒயேசிஸ் 1996 எல்லாம் நின்ற நிலம். ஃப்ரெடி மெர்க்குரி குயீனோடு கடைசியாக மேடை ஏறியதும் அங்கேதான்.

கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறி ஸ்டீவனேஜில் இறங்குவது வசதி. நெப்வொர்த் என்று ஒரு சின்ன ஸ்டேஷனும் உண்டு. கச்சேரி நாளில் எங்கே பஸ் விடுகிறார்கள் என்பதை டிக்கெட்டோடு வருகிற தகவலில் பார்த்துக்கொள். போவது கஷ்டமே இல்லை, திரும்புவதுதான் கஷ்டம். பல்லாயிரக்கணக்கில் ஆட்கள் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஒரு மணிநேரம் வயலிலேயே நிற்கவேண்டி வரும். கடைசி ரயில் நேரம் பார்த்து வை, ஸ்டீவனேஜில் யாராவது தெரிந்தவர் வீடு இருந்தால் இன்னும் நல்லது.

அது வெறும் புல்வெளி. நிழல் கிடையாது. தொப்பி, மழைக்கோட்டு இரண்டும் வேண்டும், ஒரே நாளில் இரண்டும் தேவைப்படும். குடை உள்ளே விடமாட்டார்கள். பழைய ஷூ போட்டுக்கொண்டு போ, திரும்பி வரும்போது அது ஷூவாக இருக்காது. பெரிய பை எடுத்துப் போகாதே, இப்போதெல்லாம் ஏ4 தாள் அளவுக்கு மேல் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

மேடை எப்போது தொடங்கும் என்று கடிகாரம் பார்க்கவேண்டாம். யூஎஃப்ஓ குழுவின் 'டாக்டர் டாக்டர்' ஒலிபெருக்கியில் வந்தால் அடுத்தது இவர்கள்தான், பல ஆண்டாக இதுதான் வழக்கம். அந்தப் பாட்டு கேட்கும்போது கழிப்பறை வரிசையில் நிற்காதே.


மேகலா_கே எழுதியது:

அந்த வரிசைக்கு ஹேல்ஸ்டார்ம் மாதிரி முன்குழு பாடும்போதே போய்விட வேண்டும் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவர்களுடைய பாடகி லிஸ்ஸி ஹேலைத் தவறவிட்டவர்கள்தான் அன்று அதிகம் இழந்தவர்கள்.

நானும் நெப்வொர்த் வருகிறேன். குட்டி எடி, மிக்ஸிங் டெஸ்க்குக்கு வலப்பக்கம் நில். அங்கே வந்து தேடுகிறேன்.


வினைல்பிரியன் எழுதியது:

போய்வாருங்கள். மழை பெய்தால் எழுதுங்கள், நான் ஊரில் ஃபேனுக்குக் கீழே லாங் பீச்சைப் போட்டுக்கொண்டு படிப்பேன். 2000க்குப் பிறகு வந்த பாட்டு ஒன்றாவது வாசித்தார்களா என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.